கூட்டாளி, உடந்தை, கூட்டுக்களவாணி: எங்கே தவறு செய்கிறோம்?

காசிமேட்டிலிருந்து ஓர் அக்கா வந்திருந்தார். மகனை விசாரணைக்கு அழைத்துப் போயிருந்தார்கள். மேலதிகாரிக்கு மனு கொடுக்க வேண்டும். தம்பு செட்டித் தெருவில் நான் டைப் அடிக்கும் கடையில் ஸ்டூலில் உட்கார்ந்து அவர் சொல்லச் சொல்ல, நான் அடித்துக்கொண்டே போனேன். "அந்தப் புள்ள எம்பையனுக்குக் கூட்டாளிம்மா. ஒண்ணாங்கிளாஸ்லேர்ந்து ஒண்ணாத்தான் சுத்துவானுங்கோ. அன்னிக்கும் சந்துல கேரம்தான் ஆடிக்கினு இருந்தானுங்கோ."

நான் அடித்த வரி: 'என் மகனும் அவனது கூட்டாளியும் அன்று மாலை கேரம் விளையாடிக்கொண்டிருந்தனர்.'

வக்கீல் படித்துவிட்டு அந்தச் சொல்லைச் சிவப்புப் பேனாவால் சுழித்தார். "இது நம்ம மனுவாம்மா, எதிர்த்தரப்பு மனுவா?" என்றார்.

நான் செய்தது சாதாரணத் தவறு, ஆனால் சின்னத் தவறு இல்லை. ராயபுரத்திலும் வியாசர்பாடியிலும் கூட்டாளி என்றால் சிநேகிதன். கூடப் படித்தவன், கூடப் பந்து விளையாடியவன், ராத்திரி ஆஸ்பத்திரிக்குத் துணைக்கு வருகிறவன். இலங்கைத் தமிழிலும் அதே பொருள்தான். பிளஸ் டூ கணக்குப்பதிவியல் பாடத்தில் 'கூட்டாளி சேர்ப்பு', 'கூட்டாளி விலகல்' என்று வருமே, அங்கே தொழிலில் முதல் போட்டவர். குற்றச் செய்திக்குள் நுழைந்தால் மட்டும் அதே சொல் 'ரவுடியும் அவரது கூட்டாளிகளும்' என்று ஆகிவிடுகிறது. ஆகவே மனு, புகார், வாக்குமூலம் இவற்றில் நட்பைச் சொல்ல 'நண்பர்' என்றே எழுதுங்கள். செய்தி எழுதுகிறவர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: ஒருவர் செய்த குற்றம் என்னவென்று தெரியாதபோது 'கூட்டாளி' போடாதீர்கள். 'உடன் இருந்தவர்', 'உடன் கைதானவர்' என்று நடந்ததை மட்டும் எழுதலாம். எங்கள் பக்கத்துப் பையன்களுக்கு இந்தச் சொல் எளிதாக ஒட்டிக்கொள்கிறது, கழற்றத்தான் வருஷக்கணக்காகிறது.

குற்றத்தில் பங்கைச் சொல்லத் தமிழில் தெளிவான சொல் 'உடந்தை'. 'கொலைக்கு உடந்தை', 'மோசடிக்கு உடந்தையாக இருந்தார்' என்று கு உருபோடு வரும். இதை நல்ல காரியத்துக்குப் போடுவது அடிக்கடி பார்க்கும் பிழை. 'விழா சிறக்க உடந்தையாக இருந்த அனைவருக்கும் நன்றி' என்று ஒரு நோட்டீஸ் என் கைக்கே வந்தது. உறுதுணை என்று இருக்க வேண்டிய இடம் அது.

அதைவிடப் பெரிய பிழை, கூட இருந்தாலே உடந்தை என்று நினைப்பது. நண்பன் பைக் கேட்டான், சாவியைக் கொடுத்தீர்கள். அதில் போய் அவன் செல்போன் பறித்தான். எதற்குக் கேட்டான் என்று உங்களுக்குத் தெரியாது என்றால் நீங்கள் உடந்தை இல்லை. தெரிந்தே கொடுத்திருந்தால் உடந்தை. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 45ஆவது பிரிவு இதற்கு மூன்று வழிகளைச் சொல்கிறது: தூண்டுவது, சதியில் சேர்வது, வேண்டுமென்றே உதவுவது. 'உடந்தைதானே, பெரிசா ஒண்ணும் ஆகாது' என்று சொல்கிறவர்களையும் பார்க்கிறேன். அது ஆபத்தான நம்பிக்கை. தூண்டிய குற்றம் நடந்துவிட்டால், தனியாக வேறு தண்டனை சொல்லப்படாத இடத்தில், குற்றம் செய்தவருக்கு உள்ள தண்டனையே உடந்தைக்கும் உண்டு.

குற்றம் முடிந்தபின் ஆளை ஒளித்துவைப்பதையும் பேச்சில் உடந்தை என்றே சொல்கிறோம். சட்டத்தில் அது அடைக்கலம் கொடுத்த குற்றம், பிரிவு வேறு. அதில் கணவன் மனைவிக்கு விலக்கு உண்டு, பெற்ற தாய்க்கு இல்லை. இதை நான் சொல்லும்போதெல்லாம் எதிரே இருக்கும் அம்மாக்களின் முகம் மாறிவிடும்.

கையாள், அடியாள், அல்லக்கை என்பவை சமமானவர்களைக் குறிப்பதில்லை. ஒருவர் ஏவ, இன்னொருவர் செய்வது. பங்கு போட்டுச் செய்தவர்களுக்கு அவை பொருந்தாது.

கடைசியாகக் கூட்டுக்களவாணி. எனக்கு மிகவும் பிடித்த சொல். சட்டி நிறைய வறுத்துவைத்த நெத்திலி பாதியாகியிருக்கும். பேரனும் பேத்தியும் வாயைத் துடைத்துக்கொண்டு நிற்பார்கள். "ரெண்டும் கூட்டுக்களவாணிங்கோ" என்று ஆயா சொல்வதில் கோபத்தைவிடக் கொஞ்சல் அதிகம். மேடையில் அதே சொல் வசையாகும். அதனால் எழுத்தில் பார்த்துப் போடுங்கள், புகாரில் போடவே போடாதீர்கள். எழுதும்போது நடுவில் 'க்' விடுபடக்கூடாது. 'களவானி' என்று றன்னகரம் போடுவதும் பிழை, டண்ணகரம்தான்.

அன்றைக்கு மனுவைத் திருத்தி அந்த அக்காவுக்குப் படித்துக் காட்டினேன். 'நண்பன்' வந்த இடத்தில் நிறுத்தச் சொன்னார்.

"இன்னாம்மா மாத்திட்ட? அவன் கூட்டாளிம்மா."

"வூட்டாண்ட கூட்டாளின்னே கூப்புடுங்கக்கா. பேப்பர்ல மட்டும் இப்புடி இருக்கட்டும்" என்றேன். இன்னொரு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டார்.