சென்னை – சிங்கப்பூர்: விமான தூரத்தையும் நேரத்தையும் நாமே கணக்கிடுவது எப்படி?

ஒரு துண்டுத் தாளும் செல்போன் கால்குலேட்டரும் போதும்.

1. இடத்தைக் குறியுங்கள்

கூகுள் மேப்பில் ஓடுபாதையின் நடுவே விரலை அழுத்திப் பிடித்தால் அட்சரேகை, தீர்க்கரேகை எண்கள் வரும். மீனம்பாக்கம்: 12.99, 80.18. சாங்கி: 1.36, 103.99. ஊர்ப் பெயரை வைத்து எடுக்க வேண்டாம். லண்டன் என்றால் ஹீத்ரோவா, கேட்விக்கா, ஸ்டான்ஸ்டெட்டா?

சில தளங்களில் 12° 59′ என்று இருக்கும். அதை 12.59 என்று எழுதினால் மீனம்பாக்கம் செங்கல்பட்டையும் தாண்டித் தெற்கே போய்விடும்! ஒரு பாகையில் 60 பங்கு (′) உண்டு என்பதால் 59-ஐ 60-ஆல் வகுத்து 12.98 என்று எழுத வேண்டும்.

2. தூரம்

அட்சரேகை வித்தியாசம் 11.63. பாகைக்கு 111 கி.மீ. வீதம் 1,291. தீர்க்கரேகை வித்தியாசம் 23.81, அதையும் 111-ஆல் பெருக்கினால் 2,643. ஆனால் தீர்க்கரேகைகள் துருவத்தை நோக்கிப் போகப் போக நெருங்குபவை. அதனால் இரண்டு ஊர்களுக்கும் நடுவிலுள்ள அட்சரேகையின் (7.2°) கொசைன் 0.992-ஆல் பெருக்குங்கள்: 2,622. கொசைன் 0.6 என்று வந்தால் உங்கள் கால்குலேட்டர் ரேடியன் என்ற வேறு கோண அளவில் இருக்கிறது, டிகிரிக்கு மாற்றுங்கள்.

இனி பள்ளியில் படித்த பிதாகரஸ்தான். 1,291, 2,622 இரண்டின் வர்க்கங்களையும் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் 2,923 கி.மீ.

கண்டம் தாண்டும் பயணத்துக்கு இது உதவாது. பூமி உருண்டை என்பதால் தட்டைக் கணக்கு எக்கச்சக்கமாகப் பிசகும். அதற்குப் பெருவட்டத் தூரம் (உருண்டையின் மேல் இரு இடங்களுக்கு இடையே மிகக் குறுகிய வழி) காட்டும் கணிப்பானைப் பயன்படுத்துங்கள். விடை கடல் மைலில் வந்தால் 1.852-ஆல் பெருக்க வேண்டும்.

3. நேரம்

ஏர்பஸ் ஏ320 போன்ற விமானம் உயரத்தில் மணிக்குச் சுமார் 830 கி.மீ. பறக்கும். 2,923 ÷ 830 = 3.52. இது 3 மணி 52 நிமிடம் அல்ல, 3 மணி 31 நிமிடம். ஏறும்போதும் இறங்கும்போதும் வேகம் குறைவு என்பதால் 30 நிமிடம், இரு முனையிலும் தரையில் ஊர்ந்து போக 20 நிமிடம் சேருங்கள். ஏறத்தாழ 4 மணி 20 நிமிடம்.

சென்னை–மதுரை சுமார் 420 கி.மீ.தான். வானில் அரை மணி, இந்தக் கூடுதல் மட்டும் 50 நிமிடம்!

டிக்கெட்டில் இருப்பது அந்தந்த ஊர் நேரம். இரவு 11.15-க்குக் கிளம்பி காலை 6.05-க்கு இறங்குவதாக இருந்தால் வித்தியாசம் 6 மணி 50 நிமிடம். சிங்கப்பூர் கடிகாரம் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முந்தி ஓடுவதால் அதைக் கழியுங்கள்.

4. காற்று

நீண்ட பயணங்களில் கணக்கைக் கவிழ்ப்பது இதுதான். உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காகக் காற்று வேகமாக வீசும். அதனால்தான் லண்டனிலிருந்து நியூயார்க் போவதைவிடத் திரும்பி வருவது ஒரு மணி நேரம்போலக் குறைவு. 2016 அக்டோபரில் ஏர் இந்தியா, டெல்லி–சான் பிரான்சிஸ்கோ விமானத்தை அட்லாண்டிக் வழியை விட்டுக் கிழக்கே பசிபிக் வழியாக அனுப்பியது. தூரம் ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் கூடியது. பயண நேரமோ குறைந்தது.