கிராமத் தொடக்கப்பள்ளி ஆசிரியரை அறிவியல், கணித வழிகாட்டியாக வளர்ப்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தமிழ்நாட்டின் எந்த ஒன்றியத்துக்குப் போனாலும், கணக்கையும் அறிவியலையும் பிள்ளைகள் அஞ்சாத வகையில் நடத்தும் இடைநிலை ஆசிரியர்கள் சிலரைக் காணலாம். அவர்களைப் பக்கத்துப் பள்ளிகளுக்கும் வழிகாட்டிகளாக்க வேண்டும் என்பதில் யாருக்கும் கருத்து வேறுபாடு இருக்க முடியாது. தொடக்க வகுப்புப் பிள்ளைகளுக்கு அடிப்படை எழுத்தறிவையும் எண்ணறிவையும் தரும் எண்ணும் எழுத்தும் திட்டம் 2022இல் தொடங்கிய பின்னர், சக ஆசிரியர்களுக்குப் பயிற்சி தரும் கருத்தாளர்களின் தேவை கூடியும் இருக்கிறது. ஆனால் அவர்களை வளர்க்கும் விதத்தில் திரும்பத் திரும்பச் சில தவறுகள் நடக்கின்றன.

எல்லாவற்றிலும் பெரிய தவறு, பாட அறிவைத் தொடாமல் நடத்தும் முறையை மட்டும் கற்றுக்கொடுப்பது. தொடக்கப்பள்ளியில் ஒரே ஆசிரியர் எல்லாப் பாடங்களையும் எடுக்கிறார். அவர்களில் பலர் பத்தாம் வகுப்போடு கணிதத்தையும் அறிவியலையும் விட்டு வேறு பிரிவுக்குப் போனவர்கள். இது அவர்களுடைய குறையன்று. ஆனால் இதைக் கணக்கில் கொள்ளாத பயிற்சி எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு மெழுகுவத்திச் சோதனை ஒன்றே போதும். தட்டில் நீர் ஊற்றி, நடுவில் எரியும் மெழுகுவத்தியை நிறுத்தி, அதன்மேல் கண்ணாடித் தம்ளரைக் கவிழ்த்தால், சுடர் அணைந்து நீர் உள்ளே ஏறும். "காற்றில் ஐந்தில் ஒரு பங்கு ஆக்சிஜன், அது தீர்ந்துபோனதால் அந்த இடத்துக்கு நீர் வந்தது" என்று சொல்லிச் சோதனையை முடிப்பது பரவலான வழக்கம். இந்த விளக்கம் தவறு. ஆக்சிஜன் முழுவதும் தீர்வதற்கு முன்பே சுடர் அணைந்துவிடுகிறது. எரியும்போது கார்பன் டை ஆக்சைடும் உண்டாகிறது. சுடரின் வெப்பத்தால் விரிந்த காற்று பின்னர் குளிர்ந்து சுருங்குவதும், அதில் ஒரு பகுதி முன்னமே விளிம்பு வழியாகக் குமிழிகளாக வெளியேறிவிடுவதுமே நீர் ஏறுவதற்கு முதன்மையான காரணங்கள். அதே தம்ளருக்குள் மூன்று மெழுகுவத்திகளை வைத்துப் பாருங்கள்: உள்ளே இருக்கும் ஆக்சிஜனின் அளவு மாறவில்லை, ஆனால் நீர் இன்னும் உயரமாக ஏறும். இந்த இரண்டாவது சோதனையைச் செய்து பார்க்கத் தோன்றும் ஆசிரியரே வழிகாட்டியாகத் தக்கவர். மாநிலப் பயிற்சியிலிருந்து மாவட்டத்துக்கும், மாவட்டத்திலிருந்து வட்டார வள மையத்துக்கும், அங்கிருந்து பக்கத்துப் பள்ளிகளின் ஆசிரியர்கள் கூடும் குறுவள மையத்துக்கும் இறங்கும் சங்கிலியில் தவறான விளக்கம் சிறிதும் குறையாமல் வந்து சேர்ந்துவிடும். அதைப் பற்றிக் கேட்கப்பட்ட கேள்விகள்தாம் வழியிலேயே நின்றுவிடும்.

கணிதத்திலும் இப்படித்தான். 52இலிருந்து 27ஐக் கழித்து 35 என்று எழுதிய குழந்தை கவனக்குறைவாக எழுதவில்லை. ஒவ்வோர் இடத்திலும் பெரிய எண்ணிலிருந்து சிறிய எண்ணைக் கழிக்க வேண்டும் என்று தானாகவே ஒரு விதியை உண்டாக்கிக்கொண்டிருக்கிறது. "எப்படிப் போட்டாய், சொல்லு" என்று கேட்டால் 7இலிருந்து 2ஐக் கழித்ததாகத் தெளிவாகச் சொல்லும். சிவப்பு மையால் தப்புப் போடுவதற்கு முன் இதைக் கேட்கும் பழக்கத்தைச் சக ஆசிரியர்களிடம் உண்டாக்குவதே கணித வழிகாட்டியின் வேலை. அதற்கு, படவில்லைகளைக் காட்டும் நாளைவிட, ஆளுக்குப் பத்து மாணவர் நோட்டுகளைக் கொண்டுவந்து எல்லோரும் சேர்ந்து படிக்கும் ஒரு சனிக்கிழமை அதிகம் உதவும்.

அடுத்தது, ஆளைத் தேர்ந்தெடுப்பதில் நேரும் தவறு. மேடையில் நன்றாகப் பேசுபவரையும், பணிமூப்பு உள்ளவரையும், கேட்ட விவரத்தை உடனே அனுப்பிவிடுபவரையும் கருத்தாளராக்கிவிடுகிறார்கள். அவருடைய வகுப்பில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பார்த்த பிறகு முடிவெடுத்தால், பட்டியல் பெரும்பாலும் வேறாக இருக்கும் என்றே நான் நம்புகிறேன்.

தேர்ந்தெடுத்தவரை வகுப்பிலிருந்து பிரித்துவிடுவது மிகவும் வருத்தம் தருவது. ஈராசிரியர் பள்ளியில் ஒருவர் பயிற்சிக்குப் போனால், மற்றவர் ஐந்து வகுப்புகளையும் ஒரே அறையில் உட்காரவைத்துச் சமாளிக்க வேண்டும். மாற்று ஆசிரியருக்கு ஏற்பாடு செய்யாமல் அடுத்தடுத்து அழைப்பு அனுப்புவது, ஒரு பள்ளியின் பிள்ளைகளுக்குச் சேர வேண்டியதை எடுத்து வேறு பள்ளிகளுக்குக் கொடுப்பதாகும். வகுப்பை விட்டு நீங்கிய ஆசிரியரின் சொல்லுக்குச் சக ஆசிரியர்களிடம் மதிப்பும் நாளடைவில் குறைந்துபோகிறது.

வழிகாட்டியின் கையில், வகுப்பைப் பார்த்துக் குறிப்பெழுதும் பார்வைப் படிவத்தைக் கொடுத்து அனுப்புவதும் கூடாது. படிவத்தைக் கண்டதும் ஆசிரியர்கள் தமக்குத் தெரியாததை மறைக்கத் தொடங்குவார்கள். சோதனைப் பொருள்கள் அடங்கிய அறிவியல் பெட்டி பீரோவுக்குள்ளேயே கிடப்பதற்கும், உடைந்தால் யார் பதில் சொல்வது என்ற அச்சம் ஒரு காரணம்.

இவ்வளவையும் ஓராண்டுக்குள் எதிர்பார்ப்பது மற்றொரு தவறு. மத்தியப் பிரதேசத்தின் ஹோசங்காபாத் மாவட்டத்தில் 1972இல் 16 அரசு நடுநிலைப் பள்ளிகளில் தொடங்கிய அறிவியல் கற்பித்தல் திட்டத்தில், கிராமப்புற ஆசிரியர்கள் மாதந்தோறும் கூடித் தம் வகுப்பில் சரிவராத சோதனைகளைப் பேசினார்கள். அறிவியலாளர்களோடு உட்கார்ந்து பாடநூலைத் திருத்தினார்கள். அவர்களில் பலர் பின்னர் மற்ற ஆசிரியர்களுக்குப் பயிற்சி தருபவர்களாக வளர்ந்தார்கள். 2002இல் மாநில அரசு நிறுத்தும்வரை அத்திட்டம் 30 ஆண்டுகள் நடந்தது. நம் குறுவள மையக் கூட்டங்களிலும் சுற்றறிக்கைகளை வாசித்து முடிப்பதற்கு முன்பாக, இந்த மாதம் எந்தப் பாடம் பிள்ளைகளுக்குப் புரியவில்லை என்று ஒருவர் எழுந்து சொல்வதற்கு முதல் ஒரு மணி நேரத்தை ஒதுக்கலாம்.