கணக்கீட்டு நரம்பியல் பயிற்சி: இடறும் இடங்கள்

பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளில் பொறியாளராக இருந்துகொண்டே, புலனுணர்வையும் கற்றலையும் கணித மாதிரிகளைக் கொண்டு ஆராயும் கணக்கீட்டு நரம்பியலுக்கு மாற விரும்பும் பினாங்குத் தமிழ் இளைஞர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது, எந்த நிரல்மொழியைப் படிப்பது என்பதுதான். பைத்தானைச் சில மாதங்களில் பழகிக்கொள்ளலாம். கையில் ஒரு கேள்வி இல்லாமல் கருவிகளை மட்டும் சேர்ப்பதே பெரிய தவறு. 1997ஆம் ஆண்டு ஷூல்ட்ஸ், டயான், மான்டேகு ஆகியோர் வெளியிட்ட கட்டுரை, எந்திரக் கற்றலில் முன்பே இருந்த ஒரு கணக்கைத்தான் எடுத்தாண்டது. குரங்கு எதிர்பார்த்த பழச்சாறு வராத நொடியில் மூளையில் டோபமைன் என்னும் வேதிப்பொருளை வெளியிடும் செல்களின் துடிப்பு ஏன் குறைகிறது என்ற கேள்வியோடு சேர்ந்தபோதுதான், அது வெகுமதிக் கணிப்புப் பிழை, அதாவது எதிர்பார்த்த வெகுமதிக்கும் கிடைத்ததற்கும் உள்ள வேறுபாடு, என்னும் விளக்கமாயிற்று.

கேள்வி தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. மலாய் மொழியில் ‘ஆணி’ என்பதற்கான சொல்லும் (paku) ‘செந்தரம்’ என்பதற்கான சொல்லும் (baku) முதல் ஒலியில் மட்டுமே வேறுபடுகின்றன. தமிழில் எழுதினால் இரண்டுமே ‘பாக்கு’தான். இரு மொழிகளோடும் வளர்ந்த செவி அந்த ஒலி எல்லையை எங்கே வைக்கிறது, மொழி மாறும்போது அதை நகர்த்துகிறதா என்பது நிகழ்தகவு மாதிரியால் ஆராயத்தக்கது.

அடுத்த தவறு நுட்பமானது. அதனாலேயே அதிகச் சேதம் செய்வது. மாதிரி தரவோடு பொருந்திவிட்டால், மூளை அப்படித்தான் இயங்குகிறது என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். இரண்டில் ஒன்றை மீண்டும் மீண்டும் தெரிவு செய்யும் எளிய சோதனையில்கூட, கற்றல் வேகமும் (புதிய விளைவு ஒவ்வொன்றும் எதிர்பார்ப்பை எவ்வளவு மாற்றுகிறது என்பது) தெரிவின் உறுதியும் (மேலானதாகத் தோன்றுவதையே எவ்வளவு விடாமல் தெரிவு செய்கிறார் என்பது) ஒன்றின் குறையை மற்றொன்று ஈடுகட்டி, வெவ்வேறு எண்கள் ஏறக்குறைய ஒரே நடத்தையைத் தந்துவிடும். ஆகவே மனிதர்களைச் சோதனைக்கு அமர்த்துமுன், கற்றல் வேகம் 0.2 என்று நாமே வைத்து, 200 சுற்றுகளுக்குச் செயற்கைத் தரவை உருவாக்கி, அதில் மாதிரியைப் பொருத்தினால் அதே 0.2 திரும்பி வருகிறதா என்று பார்க்க வேண்டும். வராவிட்டால் கோளாறு பெரும்பாலும் சோதனையின் வடிவமைப்பில்தான். 500 பேரை அழைத்தாலும் தனி ஒருவரின் மதிப்பு தெளிவாகாது.

நேரியல் இயற்கணிதத்தையும் வகைக்கெழுச் சமன்பாடுகளையும் பிறகு பார்க்கலாம் என்று தள்ளிப்போடுவோர், முதல் ஆய்வுக் கட்டுரையிலேயே நின்றுவிடுவார்கள்.

முதுகலை முடித்தால்தான் வாய்ப்பு என்று காத்திருப்பதும் எல்லா இடத்துக்கும் பொருந்தாது. ஜப்பானின் ஒகினாவா அறிவியல் தொழில்நுட்பக் கழகம் இளங்கலைப் பட்டத்தோடே முனைவர் படிப்பில் சேர்த்து, நிதியும் தந்து, முதலாண்டில் வெவ்வேறு ஆய்வகங்களில் பழகவிடுகிறது. 30 பேராசிரியர்களுக்கு ஒரே மின்னஞ்சலை அனுப்புவதைவிட, ஒருவருடைய கட்டுரையின் ஒரு வரைபடத்தை நாமே நிரலெழுதி மீண்டும் வரைந்து, எது பொருந்தவில்லை என்று கேட்டு எழுதுவது மேல். பதில் வராவிட்டாலும், அந்த நிரலை அடுத்த விண்ணப்பத்தோடு இணைக்கலாம்.