சான் ஹொசேயில் குடியேறுவோருக்கு

கோஸ்ட்டா ரிக்காவின் தலைநகரான சான் ஹொசேயில் வாடகை வீட்டின் முகவரியைக் கேட்டால், உரிமையாளர் கதவெண்ணோ தெருப்பெயரோ சொல்லமாட்டார். ‘தேவாலயத்திலிருந்து வடக்கே 200 மீட்டர், கிழக்கே 50 மீட்டர், பச்சைக் கேட்’ என்பார். 100 மீட்டர் என்பது ஏறக்குறைய ஒரு குறுக்குத்தெருவிலிருந்து அடுத்த குறுக்குத்தெரு வரையிலான தூரம். நகராட்சி பெயர்ப்பலகைகளை நட்டிருந்தாலும் மக்கள் நாக்கில் இருப்பது இந்தக் கணக்குதான். சான் பெட்ரோ பகுதியில் ‘பழைய அத்திமரம்’ இன்றும் முகவரிகளில் வருகிறது. அந்த மரம் இப்போது இல்லை. வெட்டிய பிறகும் ஆலமர நிறுத்தம் என்றே சொல்லிப் பழகிய நமக்கு இது புதிதன்று. ஆகவே ஸ்பானிய மொழியில் முதலில் திசைகளைக் கற்றுக்கொள்ளுங்கள்: நோர்தே வடக்கு, சூர் தெற்கு, எஸ்தே கிழக்கு, ஓயெஸ்தே மேற்கு.

நாட்டு மக்களில் சுமார் பாதிப்பேர் இந்நகரையும் அதை ஒட்டிய பள்ளத்தாக்கு ஊர்களையும் உள்ளடக்கிய பெருநகர்ப் பகுதியில் வாழ்வதால், எந்த வேலையானாலும் ஒருநாள் இங்கே வந்தே தீரவேண்டும். 1823இல் ஓச்சோமோகோ என்னும் இடத்தில் நடந்த உள்நாட்டுச் சண்டைக்குப் பின் தலைநகர்ப் பொறுப்பு கார்த்தாகோவிடமிருந்து சான் ஹொசேவுக்கு வந்தது. காப்பி ஏற்றுமதி அதற்குச் செல்வம் சேர்த்தது. 1897இல் திறக்கப்பட்ட தேசிய நாடக அரங்கின் செலவுக்கும் காப்பி ஏற்றுமதி வரி உதவியது. 1948 டிசம்பர் 1 அன்று அப்போதைய ஆட்சிக்குழுத் தலைவர் ஹொசே ஃபிகேரஸ் பெல்லாவிஸ்தா படைமுகாமின் சுவரைச் சம்மட்டியால் அடித்து, இராணுவம் ஒழிக்கப்பட்டதை அறிவித்தார். அந்த முகாமே இன்று தேசிய அருங்காட்சியகம். சட்டமன்றமும் அருகிலேயே உள்ளது. வந்த முதல் மாதத்திலேயே அங்கே ஒருமுறை சென்றுவாருங்கள். இந்த மக்கள் தம் நாட்டைப் பற்றிப் பெருமையோடு பேசுவதன் காரணம் அந்தச் சுவரருகே நிற்கையில் புரியும்.

படைக்குச் செலவில்லாத இந்நாட்டில் 1941இல் நிறுவப்பட்ட ‘காஹா’ எனப்படும் சமூகக் காப்பீட்டு நிறுவனம் மருத்துவ வசதி அளித்துவருகிறது. வசிப்புரிமை பெற்றவர்கள் அதில் சேர்வது கட்டாயம். சம்பளக்காரர்களின் பங்கு சம்பளத்திலேயே பிடிக்கப்படும். சாதாரணக் காய்ச்சலுக்கு நேராகப் பெரிய மருத்துவமனைக்குப் போகாமல், உங்கள் குடியிருப்புக்குரிய ‘எபாய்ஸ்’ என்னும் சிறு மருத்துவ நிலையத்தில் முதலில் பதிவுசெய்துகொள்ளுங்கள். இதற்கெல்லாம் வேண்டியது ‘டிமெக்ஸ்’ என்னும் வெளிநாட்டவர் அட்டை. குடிவரவுத் தலைமை அலுவலகம் லா உருக்காவில் இருக்கிறது. அட்டை கைக்கு வந்ததும் வங்கிக் கணக்கைத் திறந்து, தொலைபேசி எண்ணுக்கே பணம் அனுப்பும் ‘சின்பே மோவில்’ சேவையை இணைத்துவிடுங்கள். நம் யுபிஐ போலவே காய்கறிக் கடைவரை அது செல்லுபடியாகும்.

எல்லாப் பேருந்துகளும் புறப்படும் ஒரே நிலையம் இங்கே இல்லை. ஊருக்கு ஊர் புறப்படும் இடம் வேறு. சொந்தக் கார் வாங்கினால், வாரநாட்களில் பதிவெண்ணின் கடைசி இலக்கத்தைப் பொறுத்து ஒருநாள் நகர மையத்துக்குள் ஓட்டத் தடை உண்டு. 1, 2 எனில் திங்கள். மே முதல் நவம்பர் வரை பெரும்பாலும் பிற்பகலில்தான் மழை கொட்டும் என்பதால், அலுவலக வேலைகளைக் காலையிலேயே முடித்துக்கொள்வது நல்லது.

சந்தையில் ‘சாயோத்தே’ என்று குவித்திருப்பது நம் சௌசௌதான், கூட்டுக்குக் குறைவிருக்காது. ஊருக்குப் பேச ஏற்ற நேரம் இங்கே காலை 7 மணி; அப்போது சென்னையில் மாலை 6.30.