வடசென்னையில் தனிக்குடித்தனம் வைப்போர் முன்கூட்டியே பேசிக்கொள்ள வேண்டியவை

பெரம்பூரில் பி அண்டு சி துணி ஆலை 1996-இல் மூடப்படும் வரை, ஆலை, துறைமுகம், ரயில்வே என்று நடந்தோ சைக்கிளிலோ போகும் தொலைவில் பலருக்குப் பிழைப்பு இருந்ததால், மணமான மகனும் பெற்றோருடனே குடியிருப்பது இயல்பாக இருந்தது. இன்று மகன் ஸ்ரீபெரும்புதூருக்கு ஷிப்ட் வேலைக்கும் மருமகள் கிண்டிக்கும் போய்வர வேண்டியிருக்கிறது. வியாசர்பாடி வீட்டிலோ அதே ஓர் அறையும் சமையலறையும்தான் உள்ளன. இந்நிலையில் தனிக்குடித்தனம் போவதை மருமகளின் குற்றமாகப் பேசுவது அநியாயம்.

இந்தப் பேச்சை நிச்சயதார்த்தத்துக்கு முன்பே எடுங்கள். பெண்ணையும் உடன் வைத்துக்கொண்டு பேசுங்கள். எங்கே குடியிருப்பது, இருவர் சம்பளத்திலிருந்தும் அவரவர் பெற்றோருக்கு மாதம் எவ்வளவு கொடுப்பது என்பவற்றை அப்போதே வெளிப்படையாக முடிவு செய்யுங்கள். மகன் கொடுப்பது கடமை என்றால், மகள் தன் தாய்வீட்டுக்குக் கொடுப்பதும் கடமைதான்.

வீடு பார்க்கும்போது, வேலைக்கு மட்டுமின்றிப் பெற்றோர் வீட்டுக்கும் எளிதாகப் போய்வர முடியுமா என்று பாருங்கள். 2021 முதல் விம்கோ நகர் வரை மெட்ரோ ஓடுவதால், திருவொற்றியூரில் பெற்றோர் இருந்தால் அந்தத் தடத்தை ஒட்டியே தேடலாம். வாடகை ஒப்பந்தத்தில் வேறாக ஒத்துக்கொள்ளாதவரை, மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் கேட்கக் கூடாது என்று தமிழ்நாட்டின் 2017-ஆம் ஆண்டு வாடகைச் சட்டம் கூறுவதால், அதைச் சொல்லிக் குறைத்துக் கேட்கலாம். அம்மாவின் சீட்டுப் பணத்திலோ மருமகளின் நகையை அடகு வைத்தோ அட்வான்ஸ் கட்டினால், அது யாருடைய பணம், எப்போது திரும்பும் என்பதை எழுதி வையுங்கள்.

அதிகம் மனம் புண்படுவது குழந்தை வளர்ப்பில்தான். பேரப்பிள்ளையைப் பாட்டி பார்த்துக்கொள்வார் என்று அவரைக் கேளாமலே முடிவு செய்துவிட்டு, காலை ஏழு மணிக்குக் குழந்தையை விட்டு இரவு எட்டு மணிக்கு அழைத்துப்போகும் வழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. முட்டிவலியோடு மாடி ஏறி இறங்கும் அவருக்கு வாரத்தில் இரண்டு நாளாவது ஓய்வு வேண்டும். பால், மருந்து, ஆட்டோ செலவை அவர் வாய்திறந்து கேட்கும் முன் கொடுத்துவிட வேண்டும். குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால் யார் விடுப்பு எடுப்பது என்பதையும் தம்பதியர் முறை வைத்துக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு முறையும் தாயே விடுப்பு எடுத்தால், அவளுடைய வேலைதான் முதலில் பறிபோகும்.

பெற்றோர் வீட்டைப் பிள்ளையின் பெயருக்கு செட்டில்மென்ட் (உயிரோடு இருக்கும்போதே சொத்தை மாற்றிக்கொடுக்கும் பத்திரம்) எழுதுவதாக இருந்தால் அவசரப்பட வேண்டாம். பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு எழுதிக்கொடுத்த சொத்தை, பிள்ளைகள் பராமரிக்கத் தவறினால், 2007-ஆம் ஆண்டு மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் 23-ஆம் பிரிவின்படி தீர்ப்பாயத்தில் முறையிட்டு ரத்து செய்யக் கோரலாம். எனவே அந்த நிபந்தனையைப் பத்திரத்திலேயே தெளிவாக எழுதச் சொல்லி, பதிவுக்கு முன் முழுவதும் படிக்கக் கேட்டு, அதன் பிறகே கையெழுத்திடுங்கள்.