கண்டக்டரின் முகம் தெரியும் இருக்கையை வாங்குங்கள்

"கோலை ஆட்டிக்கொண்டு முன்னால் நிற்கிறாரே, அவர் இல்லாவிட்டால் இவர்கள் வாசிக்க மாட்டார்களா?" சிம்பொனி கேட்க முதல்முறை என்னோடு வரும் நண்பர்கள் இடைவேளையில் தவறாமல் கேட்பது இதைத்தான். அந்த 'அவர்'தான் கண்டக்டர், ஆர்க்கெஸ்ட்ரா என்ற பெரிய வாத்தியக் குழுவை நடத்துபவர்.

வாசிப்பார்கள். மாஸ்கோவில் பெர்சிம்ஃபான்ஸ் என்ற ஆர்க்கெஸ்ட்ரா 1922 முதல் 1932 வரை கண்டக்டரே இல்லாமல் நடந்தது. நியூயார்க்கின் ஆர்ஃபியஸ் சேம்பர் ஆர்க்கெஸ்ட்ரா 1972இல் தொடங்கியதிலிருந்து அப்படித்தான் வாசிக்கிறது. ஆனால் அதற்கு ஒவ்வொரு விஷயத்தையும் உட்கார்ந்து பேசித் தீர்க்க நேரம் வேண்டும். எண்பது பேர், இரண்டு மூன்று ஒத்திகை, உடனே கச்சேரி என்றால் யாராவது ஒருவர் முடிவெடுத்தாக வேண்டும். அந்த முடிவுகளைக் கேட்பவர் தன் கண்ணாலேயே பிடிக்க முடியும். எப்படி என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

நான் திருச்சியில் கர்நாடக வயலின் கற்றவள். லண்டன் வந்த பிறகு, வயலினைவிடச் சற்றுப் பெரிய, குரல் தாழ்ந்த வயோலாவுக்கு மாறி, வாரம் ஒரு மாலை சர்ச் ஹாலில் கூடும் ஓர் அமெச்சூர் ஆர்க்கெஸ்ட்ராவில் வாசிக்கிறேன். ஆக, இது கண்டக்டருக்கு எதிரே, கொஞ்சம் கீழே உட்கார்ந்திருப்பவளின் பார்வை.

முதலில் டிக்கெட். விலை கூடிய முன் இருக்கைகளை விட்டுவிடுங்கள். அங்கிருந்து கண்டக்டரின் முதுகும் கோட்டு வாலும்தான் தெரியும். மேடைக்குப் பின்னால், ஆர்க்கெஸ்ட்ராவுக்கு மேலே, பாடகர் குழுவுக்கென்று கட்டிய இருக்கைகள் சில அரங்குகளில் உண்டு. பாடகர் குழு இல்லாத நாளில் அவற்றைப் பொதுமக்களுக்கு விற்பார்கள், பெரும்பாலும் மலிவாக. லண்டனில் ராயல் ஃபெஸ்டிவல் ஹாலிலும் ராயல் ஆல்பர்ட் ஹாலிலும் இவை இருக்கின்றன. 'கொயர் சீட்' என்று கேளுங்கள். பார்பிகன் அரங்கில் கிடையாது. பெர்லின் பில்ஹார்மோனி அரங்கை 1963இல் கட்டடக் கலைஞர் ஹான்ஸ் ஷாரோன் மேடையைச் சுற்றி நாலாபக்கமும் மக்கள் உட்காரும்படி கட்டினார். அங்கே போகும் யோகம் வாய்த்தால் மேடைக்குப் பின்புறம்தான் கேட்டு வாங்க வேண்டும்.

இந்த இருக்கைகளில் சத்தம் சமமாக வராது, அதையும் சொல்லிவிடுகிறேன். டிம்பனி என்ற பெரிய முரசுகளும் டிரம்போன் என்ற பித்தளை வாத்தியமும் காலடியில் இருக்கும். ஹார்ன் வாத்தியத்தின் வாய் பின்பக்கம் திரும்பியிருப்பதால் நேராக உங்கள் மேலேயே ஊதுவதுபோல் இருக்கும். வயலின்கள் தூரத்தில் கேட்கும். பியானோ கான்செர்ட்டோ, அதாவது பியானோவை முன்னிறுத்தி ஆர்க்கெஸ்ட்ரா கூட வாசிக்கும் படைப்பு, இருக்கும் நாளில் அங்கே உட்காராதீர்கள்; பியானோவின் மூடி எதிர்த்திசையில் திறந்து ஒலியை அந்தப் பக்கம் அனுப்பிவிடும். தனிப்பாடகர் பாடும் நாளும் வேண்டாம். சிம்பொனி மட்டும் பிரதானமாக இருக்கும் நாளாகப் பாருங்கள்.

எந்த சிம்பொனி? என்னைக் கேட்டால் ரஷ்ய இசையமைப்பாளர் சைக்காவ்ஸ்கியின் ஆறாவது, 'பதெடிக்'. நான்கு பகுதிகள், முக்கால் மணி நேரத்துக்குச் சற்று மேல் ஓடும்; எங்காவது ஓர் ஆர்க்கெஸ்ட்ரா எப்போதும் வாசித்துக்கொண்டே இருக்கும். 1893 அக்டோபர் 28 அன்று செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் சைக்காவ்ஸ்கி தானே கண்டக்டராக நின்று அரங்கேற்றினார், ஒன்பது நாளில் இறந்துபோனார். கண்டக்டரைக் கவனிக்கப் பழக இதைவிடத் தோதான படைப்பு எனக்குத் தெரியவில்லை. ஏன் என்பது போகப்போகத் தெரியும்.

போவதற்கு முன் வீட்டில் இரண்டு முறை கேளுங்கள். ஒன்று வேலை செய்துகொண்டே, மற்றொன்று சும்மா உட்கார்ந்து. ஸ்கோர், அதாவது எல்லா வாத்தியங்களின் வரிகளும் சேர்ந்த இசைக்குறிப்பு, படிக்க வராவிட்டால் பரவாயில்லை. ஆனாலும் ஐஎம்எஸ்எல்பி (IMSLP) என்ற இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கும் முழு ஸ்கோரை ஒரு தடவை புரட்டிப் பாருங்கள். மரக்காற்று வாத்தியங்கள் மேலே, பித்தளை நடுவில், அப்புறம் தாள வாத்தியங்கள், அடியில் தந்தி வாத்தியங்கள் என்று ஒரே பக்கத்தில் பதினைந்து இருபது வரிகள் ஒன்றாக ஓடும். வயோலாக்காரியான எனக்கு அதில் ஒரே வரிதான் தருகிறார்கள். மேடையில் எல்லா வரியும் கையில் இருப்பவர் கண்டக்டர் ஒருவர்தான். முதல் ஒத்திகைக்கு வருவதற்குள் அவர் அதைத் தலைக்குள் கேட்டு முடித்திருக்க வேண்டும்.

அன்று பத்து நிமிடம் முன்னதாகவே உட்கார்ந்துவிடுங்கள். ஓபோ என்ற மரக்காற்று வாத்தியம் ஒரு ஸ்வரம் கொடுக்கும், எல்லோரும் அதற்குச் சுருதி சேர்ப்பார்கள். அந்தச் சமயத்தில் இரண்டு விஷயங்களைப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று, முதல் வயலினும் இரண்டாம் வயலினும் ஒரே பக்கம் இருக்கின்றனவா, கண்டக்டருக்கு இருபுறமும் எதிரெதிராகவா. இன்னொன்று, கிளாரினெட் வரிசையில் அடிப்பகுதி உலோகத்தில் மேல்நோக்கி வளைந்த நீளமான வாத்தியம் ஒன்று தெரிகிறதா. அது பாஸ் கிளாரினெட். இரண்டும் பின்னால் தேவைப்படும்.

கண்டக்டர் வந்து, வணங்கி, திரும்பி நின்றுவிட்டார். இனி சத்தத்துக்குக் காத்திருக்காதீர்கள், அதற்கு முந்தைய நொடியைப் பாருங்கள்.

நம் கச்சேரியில் பாடகர் தொடையில் தாளம் போடும்போது கை விழும் நொடியும் ஸ்வரம் விழும் நொடியும் ஒன்று. அதே கண்ணோடு இங்கே பார்த்தால் குழம்பிப்போவீர்கள், நானும் ஆரம்பத்தில் நிறையவே குழம்பினேன். கண்டக்டரின் கை இப்போது கேட்பதைக் காட்டுவதில்லை. அடுத்து வரப்போவதைக் காட்டுகிறது. கோல் மேலே எழும் வேகத்திலேயே காலப்பிரமாணம், அதாவது இசை ஓடும் வேகம், இருக்கிறது. எழும் விதத்தில் சத்தத்தின் அளவும் தன்மையும் இருக்கின்றன. நல்ல கண்டக்டர் அந்த எழுச்சியோடு மூச்சையும் இழுப்பார். பதெடிக்கைத் தொடங்கும் பாசூன், அதாவது குரல் தாழ்ந்த நீளமான மரக்காற்று வாத்தியம், வாசிப்பவரும் கூடவே இழுப்பார். முகம் தெரியும் இடத்தில் உட்கார்ந்திருப்பதால் அந்த மூச்சு உங்களுக்கும் தெரியும். சில ஆர்க்கெஸ்ட்ராக்கள், முக்கியமாக ஜெர்மானிய மரபில் வந்தவை, கோல் கீழே தொட்டு ஒரு கணம் கழித்துத்தான் ஒலிக்கும். அது பிசகில்லை, அவர்கள் பழக்கம்.

இதை வீட்டிலேயே பழக பீத்தோவனின் ஐந்தாவது சிம்பொனியின் தொடக்கத்தை வெவ்வேறு கண்டக்டர்களின் வீடியோவில் போட்டுப் பாருங்கள். உலகத்துக்கே தெரிந்த அந்த மூன்று குட்டை, ஒரு நெட்டை ஸ்வரங்கள் முதல் தாள அடியிலேயே தொடங்குவதில்லை. சமத்தில் ஒரு சின்ன மௌனம், அதற்குப் பிறகுதான் எடுப்பு. தந்தி வாத்தியங்களும் கிளாரினெட்டும் ஒன்றாக அந்த மௌனத்திலிருந்து கிளம்ப வேண்டும். எங்கள் ஆர்க்கெஸ்ட்ராவில் இதை ஒத்திகை பார்த்த மாலையில் அந்த மௌனத்துக்குள் யாராவது ஒருவர் விழுந்துகொண்டே இருந்தார். உடனே இரண்டாவது சிக்கல் வரும்: நெட்டை ஸ்வரத்தை எவ்வளவு நேரம் பிடிப்பது? முதலில் பிடிப்பதைவிட இரண்டாம் முறை பிடிப்பதை பீத்தோவன் ஓர் 'அளவு', அதாவது ஒரு தாளச் சுற்று, கூட்டியே எழுதியிருக்கிறார். முழு நீளம் கண்டக்டர் கையில். காலப்பிரமாணத்துக்கு பீத்தோவனே 1817இல் மெட்ரோனோம் (தாள வேகம் காட்டும் கருவி) எண் கொடுத்தார், நிமிடத்துக்கு 108 அடி. மிக வேகம். கண்டக்டர்களில் ரோஜர் நாரிங்டன் அதை அப்படியே நம்பியவர். ஓட்டோ கிளம்பெரர் தன் வழியில் மெதுவாக நடந்தவர். இருவருடையதையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். கண்டக்டர் என்ன செய்கிறார் என்ற கேள்விக்குப் பாதிப் பதில் அதிலேயே கிடைத்துவிடும்.

சரி, பதெடிக். அடித்தளத்தில் டபுள் பேஸ்கள் (ஆர்க்கெஸ்ட்ராவிலேயே மிகப் பெரிய தந்தி வாத்தியங்கள்) முனக, பாசூன் தனியாகத் தொடங்கும். மெல்லிய இடம், கண்டக்டரின் கை மிகச் சிறிதாகத்தான் அசையும். பெரிதாகக் கை வீசுகிறவர்மேல் எனக்கு இங்கேயே கொஞ்சம் சந்தேகம் வந்துவிடும். வேகப்பகுதியை வயோலாவும் செல்லோவும்தான் தொடங்கிவைக்கும், இதைச் சொல்லாமல் போக எனக்கு மனம் வரவில்லை.

வலது கை தாளம். நான்கு அடி என்றால் கீழே, தன் இடப்பக்கம், வலப்பக்கம், மேலே. மூன்று என்றால் கீழே, வலப்பக்கம், மேலே. நீங்கள் எதிரில் இருப்பதால் இடவலம் மாறித் தெரியும். இதில் ரொம்ப நேரம் செலவழிக்க வேண்டாம், முதல் அடி எப்போதும் கீழே விழும் என்பது தெரிந்தால் போதும். இடது கையைக் கவனியுங்கள். உள்ளங்கை வாத்தியக்காரரை நோக்கித் திரும்பினால் 'குறை', மேல்நோக்கித் திரும்பி உயர்ந்தால் 'இன்னும் கொடு'. இரண்டு கையும் ஓயாமல் ஒன்றையே செய்துகொண்டிருந்தால் இடது கை வீணாகிறது என்று அர்த்தம்.

கையைவிட முக்கியம் கண். நாற்பது அளவுகள் சும்மா இருந்துவிட்டு டிரம்போன்காரர் நுழைய வேண்டிய இடத்துக்கு இரண்டு அடி முன்னதாகவே கண்டக்டரின் பார்வை அங்கே போய்விடும். அந்தப் பார்வை வரும் இடமெல்லாம் உங்களுக்கு முன்னறிவிப்பு: அடுத்த சத்தம் அங்கிருந்துதான். ஹைடனின் 88ஆம் சிம்பொனியின் கடைசிப் பகுதியை கண்டக்டர் லெனர்ட் பெர்ன்ஸ்டைன் வியன்னா பில்ஹார்மோனிக்கோடு கையே அசைக்காமல், புருவத்தாலும் உதட்டாலும் மட்டும் நடத்திய வீடியோ இருக்கிறது. கட்டாயம் பாருங்கள். அதைப் பார்த்துவிட்டு கண்டக்டர் தேவையே இல்லை என்று முடிவுகட்டுகிறவர்களும் உண்டு. அந்தப் பகுதி ஒத்திகையில் ஏற்கெனவே கட்டி முடிக்கப்பட்டது என்பதை அவர்கள் மறந்துவிடுகிறார்கள்.

மேடையிலிருந்து ஓர் உள்விவகாரம். கண்டக்டர் தடுமாறினால் எங்கள் கண்கள் எல்லாம் லீடரின் வில்லுக்குப் போய்விடும். முதல் வயலின் வரிசையில் முதலில் உட்கார்ந்திருப்பவர்தான் லீடர். அவருடைய தலையாட்டலும் வில் அசைவும் திடீரென்று பெரிதாகத் தெரிந்தால், அந்த நிமிடத்தில் ஆர்க்கெஸ்ட்ராவை நடத்துவது யார் என்று உங்களுக்குப் புரிந்துவிடும்.

முதல் பகுதியின் நடுவில் கிளாரினெட் தேய்ந்துகொண்டே இறங்கும். கடைசி நான்கு ஸ்வரங்களை சைக்காவ்ஸ்கி பாசூனுக்கு எழுதி, மென்மையைக் குறிக்கும் 'பி' எழுத்தை ஆறு முறை போட்டிருக்கிறார். பாசூன் அந்த ஆழத்தில் அவ்வளவு மென்மையாக ஒலிப்பது மிகக் கடினம். அதனால் பல கண்டக்டர்கள் ஸ்கோரை மீறி அந்த நான்கு ஸ்வரங்களை பாஸ் கிளாரினெட்டுக்குக் கொடுத்துவிடுவார்கள். ஆரம்பத்தில் அந்த வளைந்த வாத்தியத்தைத் தேடச் சொன்னது இதற்குத்தான். இருந்தால் இந்தக் கண்டக்டருக்கு மென்மை முக்கியம்; இல்லாவிட்டால் எழுதியபடியே போகிறவர். எனக்கு பாசூன்தான் பிடிக்கும், அந்தச் சிரமமும் சேர்ந்தே இசை என்று நினைக்கிறேன். அடுத்த நொடி மொத்த ஆர்க்கெஸ்ட்ராவும் வெடிக்கும். தூக்கிவாரிப்போடும், கையில் காபி இருக்க வேண்டாம்.

இரண்டாம் பகுதி ஐந்து எண்ணிக்கை. நமக்கு இது சுலபம்: தக தகிட, தக தகிட. சில கண்டக்டர்கள் ஐந்தையும் காட்டுவார்கள். சிலர் குறுகிய ஓர் அடி, நீண்ட ஓர் அடி என்று இரண்டோடு முடிப்பார்கள். இரண்டாவது வகையில் இசை நன்றாக மிதக்கும்.

மூன்றாம் பகுதி அணிவகுப்பு. முடியும்போது இருக்கும் ஆரவாரத்தில் கச்சேரியே முடிந்துவிட்டது என்று தோன்றும், பலர் கைதட்டிவிடுவார்கள். அதைப் பாவமாக நினைக்கும் கூட்டம் ஒன்று உண்டு, நான் அதில் இல்லை. ஆனால் கண்டக்டரின் கைகளைப் பாருங்கள். இறக்காமல் காற்றிலேயே வைத்திருந்தால் நான்காம் பகுதிக்குள் நேராகப் போகப்போகிறார், உங்களையும் கூடவே வரச் சொல்கிறார்.

நான்காம் பகுதியின் தொடக்கத்தில் வயலின்களில் ஓர் அழுகைபோல ராகம் இறங்கும். கேட்பவருக்கு அது ஒரே ராகம். ஆனால் அதை யாருமே முழுதாக வாசிப்பதில்லை! ஒரு ஸ்வரம் முதல் வயலினுக்கு, அடுத்தது இரண்டாம் வயலினுக்கு என்று சைக்காவ்ஸ்கி மாற்றி மாற்றிப் பிரித்திருக்கிறார். தனியாக ஒரு வரிசையின் தாளைப் பார்த்தால் அந்த ராகம் அதில் இருக்காது. வயலின்கள் எல்லாம் ஒரே பக்கம் இருந்தால் இது ஒன்றாகக் கலந்துவிடும். இருபுறமும் எதிரெதிரே உட்கார வைத்திருந்தால் ஸ்வரங்கள் மேடைக்குக் குறுக்கே தாவுவதை உணரலாம். நாற்காலிகளை எப்படிப் போடுவது என்பதுகூட பெரும்பாலும் கண்டக்டரின் முடிவுதான், அது இங்கே காதில் விழுகிறது.

கடைசியில் செல்லோவும் பேஸும் மட்டும் மிஞ்சி, மங்கி, நிற்கும். சத்தம் நின்றபின்னும் கண்டக்டரின் கை மேலேயே இருக்கும். அது இறங்கும்வரை இசை முடியவில்லை. முதலில் 'பிராவோ' கத்த வேண்டும் என்று தவிக்கும் ஒருவர் எல்லா ஊரிலும் இருக்கிறார். நீங்கள் அவராக இராதீர்கள்.

அப்புறம் நன்றாகத் தட்டுங்கள். கண்டக்டர் ஒவ்வொருவராக எழுந்து நிற்கச் சொல்லும் வரிசையைப் பாருங்கள். பதெடிக்கில் பாசூன்காரரை முதல் சிலரில் எழுப்பிவிடுவார்கள். பாஸ் கிளாரினெட் வைத்திருந்தால், நான்கு ஸ்வரம் வாசித்தவரும் எழுந்து வாங்கிக்கொள்வார். தந்தி வாத்தியங்களை மொத்தமாகக் கடைசியில்தான் எழுப்புவார்கள். அதற்குள் கோட்டை மாட்டிக்கொண்டு ரயிலுக்கு ஓடிவிடாதீர்கள், வயோலாக்காரர்கள் அந்தக் கூட்டத்தில்தான் இருக்கிறோம்.