வாழ்த்து அனுப்பும் முன் ஒரு நிமிடம்: வசந்த விழாக்களில் நாம் வழக்கமாகச் செய்யும் தவறுகள்

சில வருடங்களுக்கு முன், ஒரு ஜனவரி மாதக் கடைசியில், ஊரிலிருந்து வந்த இலந்தைப்பழத்தை ஒரு பை நிறைய அலுவலகத்துக்குக் கொண்டு போயிருந்தேன். ஆளுக்கொரு கை அள்ளிக்கொண்டார்கள். பக்கத்து இருக்கை வங்காளத் தோழி மட்டும் ஒரு பழத்தை எடுத்து மோந்து பார்த்துவிட்டுத் திரும்பப் பையிலேயே போட்டுவிட்டார். "இன்னும் சரஸ்வதி பூஜை வரலையே" என்றார். "அது அக்டோபரிலேயே முடிஞ்சுபோச்சே!" என்று நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

அப்புறம்தான் விளங்கியது. வங்காளத்திலும் ஒடிசாவிலும் பீகாரிலும் சரஸ்வதி பூஜை வசந்த பஞ்சமியில் வருகிறது. பெரும்பாலும் ஜனவரிக் கடைசியிலோ பிப்ரவரியிலோ விழும் வளர்பிறை ஐந்தாம் நாள். மஞ்சள் உடை உடுத்துவார்கள். புத்தகங்களை அம்மன் காலடியில் வைப்பது, குழந்தைக்கு முதல் எழுத்து எழுதப் பழக்குவது என்று நாம் நவராத்திரிக் கடைசியில் செய்வதெல்லாம் அங்கே இந்த நாளில் நடக்கும். அதுவரை இலந்தையைத் தொடக்கூடாது. அம்மனுக்குப் படைக்கும் முன் தின்றால் பரீட்சையில் ஃபெயில் ஆகிவிடுவோம் என்று பள்ளிக்கூடப் பிள்ளைகளை மிரட்டி வைத்திருப்பார்கள். தோழிக்கு அப்போது வயது நாற்பதைத் தாண்டியிருந்தது. பரீட்சை எதுவும் பாக்கியில்லை. ஆனாலும் தின்னவில்லை.

நம் வீட்டுச் சுவரில் தொங்கும் காலண்டர்தான் நாட்டுக்கே காலண்டர் என்று நினைத்தது என் தவறு. வசந்த விழாக்களில் நடக்கும் சொதப்பல்களில் முக்கால்வாசி இந்த வகைதான்.

முதலில் 'வசந்தம்' என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். "வசந்த காலத்தை வரவேற்கும் பங்குனி உத்திரம்" என்று வருடா வருடம் யாராவது எழுதிவிடுகிறார்கள். தமிழ்க் கணக்கில் மாசியும் பங்குனியும் பின்பனிக் காலம். இளவேனில் சித்திரையிலும் வைகாசியிலும்தான். கோயில்களும் இதே கணக்கில்தான் வசந்த உற்சவத்தை வைத்திருக்கின்றன. மதுரையில் திருமலை நாயக்கர் புதுமண்டபத்தைக் கட்டியதே வசந்த விழாவுக்காகத்தான். சாமி வெயிலுக்கு ஒதுங்கிக் குளிர்ச்சியாக இருக்கும் விழா அது. வடக்கே குளிர் விட்டு, கடுகுப் பூ பூத்துக் கிடக்கும் நேரத்தை வசந்தம் என்கிறார்கள். அந்தக் காட்சியை அப்படியே தூக்கி வந்து தஞ்சாவூர் வயலில் ஒட்டினால் ஒட்டாது.

ஹோலி எல்லா ஊரிலும் ஒரே நாளில் இல்லை

காலையில் எழுந்ததும் தொடர்புப் பட்டியலில் இருக்கும் எல்லா வட இந்திய நண்பர்களுக்கும் ஒரே வாழ்த்தைத் தட்டிவிடுவது அடுத்த தவறு. 2023-ல் மும்பையில் மார்ச் 7 அன்று வண்ணம் பூசினார்கள். டெல்லியில் மார்ச் 8. பௌர்ணமி மாலையில் ஹோலிகா தகனம், மறுநாள் வண்ணம் என்பதுதான் பொது வழக்கம். பௌர்ணமித் திதி இரண்டு நாளில் பரவி நிற்கும் ஆண்டுகளில், எந்த மாலையில் தீ மூட்டுவது என்று ஊருக்கு ஊர் பஞ்சாங்கம் வேறு முடிவு சொல்லும். வங்காளத்தில் தீயை வைத்துக் கணக்கில்லை. ராதாகிருஷ்ணரை ஊஞ்சலில் வைத்து ஆட்டும் தோல் பூர்ணிமா பௌர்ணமியன்றே வந்துவிடும்.

அந்த நாள் 1486-ல் வங்காளத்து நவத்வீபத்தில் பிறந்த வைணவ மகான் சைதன்ய மகாபிரபுவின் பிறந்த நாளும்கூட. கௌடீய வைணவக் குடும்பங்கள் சந்திரன் உதிக்கும்வரை விரதம் இருப்பார்கள். ஹோலிதானே என்று காலையில் ஒரு கிலோ குலாப் ஜாமூனோடு போய் நின்றால் வாங்கி வைத்துக்கொள்வார்கள், வாயில் போடமாட்டார்கள்.

உத்தரப் பிரதேசத்துப் பர்சானாவில் பெண்கள் தடியால் அடிக்க ஆண்கள் கேடயத்தால் தடுக்கும் லட்மார் ஹோலியைப் பார்க்கவேண்டும் என்று ஹோலி நாளுக்கு டிக்கெட் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். அது வளர்பிறை நவமியில், அதாவது சில நாள் முன்பே முடிந்துவிடும். மறுநாள் தசமியில் பக்கத்து ஊரான நந்தகாவ்னில். இந்தூரில் இதற்கு நேர் எதிர். அங்கே ஊரே தெருவில் இறங்கும் 'கேர்' ஊர்வலம் ஹோலி முடிந்த ஐந்தாம் நாள், ரங்க பஞ்சமியில்தான். மகாராஷ்டிரத்திலும் பல ஊர்களில் வண்ணத்துக்கு அந்த நாள்தான். ஹோலியன்று அங்கே தீயும் பூரண் போளியும்தான் முக்கியம். மணிப்பூரின் ஹோலியான யாவோசாங் ஐந்து நாள் நடக்கும்.

ஒரு சீக்கிய நண்பருக்கு ஹோலா மொஹல்லா நாளில் "ஹேப்பி ஹோலி" அனுப்பாதீர்கள். குரு கோவிந்த் சிங் 1701-ல் அனந்தபூர் சாகிபில் போர்ப் பயிற்சிக்கென்று தொடங்கிய விழா அது. குதிரையேற்றமும் வாள் வீச்சும் இன்றும் உண்டு.

"நம்ம ஊரில் ஹோலியே கிடையாது"

எனக்கு உண்மையிலேயே கோபம் வருவது இதைக் கேட்டால்தான். ஹோலி என்ற பெயர் இல்லை, சரி. ஆனால் அதே பௌர்ணமியில் தஞ்சை, திருவாரூர், புதுக்கோட்டைப் பக்கத்துக் கிராமங்களில் என்ன எரிகிறது என்று போய்ப் பார்த்தவர்கள் இப்படிச் சொல்லமாட்டார்கள்.

காமன் பண்டிகை. மாசி அமாவாசை கழிந்த மூன்றாம் பிறையில், முச்சந்தியில் ஆமணக்குக் கொம்பும் கரும்பும் நட்டு, வைக்கோல் சுற்றி, வறட்டி கட்டி வைப்பார்கள். அதுதான் காமன். ரதி மன்மதன் வேடம் கட்டிக் கூத்து நடக்கும். பௌர்ணமி இரவில் சிவன் நெற்றிக்கண்ணைத் திறப்பார், காமன் எரிவான். வடக்கேயும் பல இடங்களில் ஹோலிகா தகனத்துக்கு முதலில் நடுவது ஆமணக்குக் கொம்பைத்தான். கதை வேறு, கொம்பு ஒன்று! அங்கே பிரகலாதனின் அத்தை ஹோலிகா எரிகிறாள், இங்கே காமன்.

எரிந்த பிறகுதான் எனக்குப் பிடித்த பகுதி வருகிறது. ரதி அழுது வேண்டியதால் மன்மதன் அவள் கண்ணுக்கு மட்டும் தெரியும்படி உயிர் பெற்றான் என்பது கதை. அப்படியானால் காமன் எரிந்தானா, எரியவில்லையா? இதை வைத்து இரண்டு கட்சி பிரிந்து விடிய விடியப் பாட்டாலேயே வாதாடுவார்கள். எரிந்த கட்சி, எரியாத கட்சி. கையில் டேப் என்ற தோல் வாத்தியத்தை அடித்துக்கொண்டு ஒருவர் கேள்வி போடுவார். "சாம்பலைக் கண்ணால பார்த்தியே, அப்புறம் என்ன எரியலை?" என்கிற தொனியில் சீண்டல் போகும். எதிர்க்கட்சிக்காரர் சாம்பலை விட்டுவிட்டு ரதியின் தாலியைப் பிடித்துக்கொள்வார். தாலி இருக்கிறதே, அப்போது புருஷன் எப்படிச் செத்தான்? கூட்டம் இரண்டு பக்கமும் கைதட்டும். இதற்கு லாவணி என்று பெயர். தஞ்சையை மராட்டியர் ஆண்ட காலத்தில் வந்து இந்த மண்ணிலேயே வேர் பிடித்த கலை. இலங்கை மலையகத் தோட்டங்களிலும் காமன் கூத்து இன்றும் நடக்கிறது. அவர்கள் முன்னோர் கப்பலேறியபோது கூடவே போனது.

எரிகிற காமனைச் சித்திரையிலும் பார்க்கலாம். திருவண்ணாமலையில் சித்திரை வசந்த உற்சவத்தின் முடிவில் மன்மத தகனம் உண்டு. ஆகவே "காமதகனம் மாசிப் பௌர்ணமியில் மட்டும்தான்" என்று அடித்துச் சொல்வதும் தவறுதான்.

இன்னொரு கூட்டம் நேர் எதிர்த் திசையில் போய், பங்குனி உத்திரத்தைத் "தமிழர்களின் ஹோலி" என்று எழுதிவிடும். பங்குனி உத்திரம் திருமண விழா. சிவனுக்கும் பார்வதிக்கும், முருகனுக்கும் தெய்வானைக்கும், ஆண்டாளுக்கும் ரங்கமன்னாருக்கும் கல்யாண நாள். ஸ்ரீரங்கத்தில் நம்பெருமாளும் தாயாரும் வருடத்தில் ஒரே ஒரு நாள் சேர்ந்து தரும் சேர்த்தி சேவை அன்றுதான். மயிலாப்பூர் பங்குனி உத்திர நாளைச் சம்பந்தர் தேவாரமே பாடுகிறது, அவ்வளவு பழையது. இதன் கணக்கு நட்சத்திரக் கணக்கு. 2024-ல் உத்திரமும் ஹோலியும் மார்ச் 25-ஐ ஒட்டி ஒன்றாக வந்தன. 2023-ல் ஹோலி மார்ச் முதல் வாரத்தில், பங்குனி உத்திரமோ ஏப்ரல் முதல் வாரத்தில். கொடுமுடியில் காவிரித் தீர்த்தம் எடுத்துப் பழனிக்கு நடக்கிறவர்கள் ஹோலித் தேதியைப் பார்த்து லீவு போட்டால் என்னாகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

எத்தனை புத்தாண்டு?

2023-ஐயே எடுத்துக்கொள்வோம். உகாதியும் மராட்டியரின் குடி பாடுவாவும் மார்ச் 22. தமிழ்ப் புத்தாண்டு ஏப்ரல் 14. விஷு ஏப்ரல் 15. முதல் இரண்டும் சந்திரக் கணக்கு: சைத்ர மாதத்து வளர்பிறைப் பிரதமை. மற்றவை சூரியக் கணக்கு: மேஷத்தில் சூரியன் நுழையும் நேரம்.

அப்படியானால் தமிழ்நாடும் கேரளமும் ஏன் ஒரு நாள் தள்ளி நின்றன? தமிழ்நாட்டில் சூரியன் மறைவதற்குள் அந்த நுழைவு, அதாவது சங்கராந்தி, நேர்ந்தால் அன்றே சித்திரை 1. கேரளத்தில் பகலை ஐந்து பங்காக்கி, மூன்று பங்கு முடிவதற்குள் நேரவேண்டும். அந்த வருடம் அது பிற்பகலில் நேர்ந்தது. பாலக்காட்டில் சம்பந்தி இருக்கிறவர்கள் இதைத் தெரிந்துகொள்வது நல்லது. ஒரு நாள் முன்னாடியே போய், கொன்றைப்பூவும் கண்ணாடியும் இன்னும் அடுக்காத பூஜையறை முன்னால் "கணி எங்கே?" என்று கேட்டவனை எனக்குத் தெரியும். விஷு இன்று மலையாள ஆண்டின் முதல் நாளும் இல்லை. கொல்லம் ஆண்டு சிங்கம் 1-ல், ஆவணியில்தான் பிறக்கிறது. குஜராத்திகளுக்கோ தீபாவளிக்கு மறுநாள்தான் புத்தாண்டு என்பதே வழக்கம். "இந்துப் புத்தாண்டு வாழ்த்துகள்" என்று பொதுவாகப் போடுவது யாருக்கும் சரியாகப் பொருந்தாது.

சித்திரை 1 அன்று பகலும் இரவும் சமம் என்று ஒரு செய்தி ஆண்டுதோறும் வாட்ஸ்அப்பில் சுற்றும். சம இரவு நாள் மார்ச் 20 அல்லது 21-ல் வந்து போய்விடுகிறது. பூமியின் அச்சு பம்பரம்போல மெல்லத் தலையாட்டுவதால், நட்சத்திரங்களை வைத்துப் போடும் நம் கணக்கு சம இரவிலிருந்து விலகிக்கொண்டே வருகிறது. ஏறத்தாழ 1700 ஆண்டுகளுக்கு முன் இரண்டும் ஒன்றாக இருந்தன. இப்போது மூன்று வாரத்துக்கும் மேல் இடைவெளி.

சாப்பாட்டிலும் வழுக்கும் இடங்கள் உண்டு. தெலுங்கு வீட்டு உகாதிப் பச்சடியில் வேப்பம்பூ, வெல்லம், புளி, மாங்காய், காரம், உப்பு என்று ஆறு சுவை. கன்னட வீடுகளில் பெரும்பாலும் வேம்பும் வெல்லமும் மட்டும். பேவு பெல்ல என்பார்கள். "புளி விட மறந்துட்டீங்களா?" என்று கேட்டுவைக்காதீர்கள். ராஜஸ்தான், உத்தரப் பிரதேசப் பக்கம் ஹோலி கழிந்த எட்டாம் நாள் சீதளாஷ்டமி. அன்று அடுப்பே மூட்டமாட்டார்கள், முந்தின நாள் சமைத்த பழையதுதான். சூடாக ஏதாவது செய்து எடுத்துப் போனால் தர்மசங்கடம். நமக்கு இது புதுசில்லை. சமயபுரத்தில் மாரியம்மனே பக்தர்களுக்காக 28 நாள் பச்சைப் பட்டினி கிடக்கும்போது படையல் துள்ளுமாவும் நீர்மோரும் இளநீரும்தான்.

ராம நவமி பற்றி ஒரே ஒரு வரி: அயோத்தியில் அது பிறந்த நாள், பத்ராசலத்தில் அன்றே சீதா கல்யாணம். "பிறந்த நாளில் எப்படிக் கல்யாணம்?" என்று அங்கே போய் விவாதிக்க வேண்டாம்.

காப்பு, மஞ்சள் தண்ணீர், சோப்பு

கொங்குப் பக்கம் பங்குனியில் மாரியம்மன் சாட்டு, அதாவது திருவிழா. காப்புக் கட்டிவிட்டால் ஊரில் கல்யாணம் வைக்கமாட்டார்கள், கட்டியவர்கள் வெளியூரில் இரவு தங்கமாட்டார்கள். இது தெரியாமல் அந்த வாரத்தில் பெண் பார்க்க நாள் குறிப்பது நகரத்து மாப்பிள்ளை வீட்டார் செய்யும் தவறு. கோயில் முன் நட்ட கம்பத்தைப் பிடுங்கிய பிறகு மஞ்சள் நீராட்டு. மாமன் மச்சான் முறைக்காரர்கள் ஒருவர்மேல் ஒருவர் குடம் குடமாக ஊற்றிக்கொள்வார்கள். முறை பார்த்துத்தான் ஊற்றவேண்டும். வேடிக்கை பார்க்க வந்தவர்மேலும், வேண்டாம் என்றவர்மேலும் ஊற்றக்கூடாது. ஹோலிப் பொடிக்கும் இது பொருந்தும். "ஹோலிதானே, தப்பா எடுத்துக்காதே" என்பது அனுமதி ஆகாது.

சின்ன வயதில் அப்படி நனைந்து வந்த ஒரு சாயங்காலம், வேட்டியில் இருந்த மஞ்சள் கறையை நானே போக்கிவிடலாம் என்று துணி சோப்பை எடுத்து அழுத்தித் தேய்த்தேன். மஞ்சள் அத்தனையும் ரத்தச் சிவப்பாக மாறிவிட்டது. சோப்பில் காரத்தன்மை உண்டு. ஆரத்தித் தட்டில் மஞ்சளோடு சுண்ணாம்பு சேர்ந்தால் சிவக்குமே, அதே சமாச்சாரம். எனக்கு அப்போது அது தெரியுமா என்ன? அலறிவிட்டேன். அம்மா ஓடி வந்து, என் கையிலிருந்த சோப்பைப் பிடுங்கி வைத்துவிட்டு, வேட்டியை நல்ல தண்ணீரில் நாலு தரம் அலசிப் பிழிந்து கொடியில் விரித்துப் போட்டார். இரண்டு நாள் பங்குனி வெயிலில் கறை இருந்த இடமே தெரியவில்லை.